தட்டிக்கு இந்தப் பக்கம் ஓர் ஆண் குரல்

போன வாரம் உங்களில் ஒருவர், பயிற்சி முடித்துப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஓர் அம்மாள், என்னிடம் வந்து கேட்டார். "ஐந்தாம் வகுப்புப் பையன்கள் என் எதிரில் வாயையே திறக்க மாட்டேன் என்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இதே பையன்கள்தான் ஓயாமல் பேசினார்களாம். நான் பெண் என்பதாலா?" பக்கத்தில் நின்ற இளைஞர், "ஓர் ஆண் ஆசிரியரைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார். "போடலாமே, யாரைப் போடுவது?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். அந்த அம்மாளுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் இன்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஆண் ஆசிரியர் பஞ்சம் புதிதல்ல. நான் வேலையில் சேர்ந்த காலத்திலேயே மதராஸில் தோல் விலை ஏறியது என்று செய்தி வந்தால், எங்கள் பள்ளியில் ஒரு நாற்காலி காலியாகும். கையெழுத்து நன்றாக இருக்கும் ஆண்பிள்ளை எவனாக இருந்தாலும் தோல் மண்டிக்காரர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். மண்டியில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவனுக்குப் பண்டிகைக்கு வேட்டி உண்டு, பெண் கொடுக்கிறவர்களும் உண்டு. வாத்தியாருக்குக் கிடைப்பதெல்லாம் கும்பிடுதான். போனவர்களை நான் ஒருநாளும் திட்டியதில்லை. கும்பிடை வைத்து உலை வைக்க முடியாது.

எனக்கு மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் தலைமை ஆசிரியரே ராணிப்பேட்டைக்கு ஒரு கணக்குப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். மீசை ஒழுங்காக முளைக்காத வயதில் நான் தலைமை ஆசிரியரானது இப்படித்தான். திறமையைப் பார்த்து யாரும் கொடுத்த பதவியல்ல. திரும்பிப் பார்த்தபோது அங்கே நின்ற ஒரே ஆண் நான்.

பள்ளி ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி இருந்தது. தோல் பதனிடும் இடத்தை நம் பக்கத்தில் ஷாப்பு என்போம் அல்லவா, அந்த ஷாப்புகளில் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள்தான் எங்களிடம் படித்தார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பையனுக்கு இரண்டு வழிகள். ஒன்று சுண்ணாம்புக் குழி. பச்சைத் தோலை அதில் ஊறப்போட்டு மயிரைக் கழற்ற வேண்டும். சில மாதங்களிலேயே கைத்தோல் வெந்து வெடித்துவிடும். இன்னொன்று மண்டி. நிழலில் நின்று தோலைத் தரம் பிரிக்கப் பழகலாம், பிறகு எழுத்து வேலைக்கும் போகலாம். ஆனால் மண்டி முதலாளிகள் பெரும்பாலும் சாயபுமார்கள். அங்கே பேச்சு, பேரம், வசவு எல்லாம் உருதுவில். உருது பேசத் தெரிந்த தமிழ்ப் பையனுக்கு மண்டி. தெரியாதவனுக்குக் குழி. இதற்காகவே எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு உருது வைத்திருந்தோம்.

உருது சொல்லிக்கொடுத்த முன்ஷியும் மண்டிக்குப் போனவர்களில் ஒருவர்தான். ஆளுக்காக வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் லாங் பஜார் என்று அலைந்தேன். உருது தெரிந்த ஆண்களெல்லாம் என்னைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். ஒருவர் தேநீர் வாங்கிக் கொடுத்து, "வாத்யாரே, நீங்களும் ரெண்டு எழுத்து கத்துக்குனு மண்டிக்கி வந்துடுங்களேன்" என்றார்.

கடைசியில் கிடைத்தவர் ஒரு பெண். கணவரை இழந்தவர், நன்றாகப் படித்த குடும்பம். எல்லோரும் அவரை உஸ்தானி அம்மா என்போம். உஸ்தானி என்றால் ஆசிரியை, ஆண் ஆசிரியர் என்றால் உஸ்தாத். வளர்ந்த பையன்களுக்கு எதிரில் உட்கார அவர்கள் வீட்டு வழக்கம் இடம் தரவில்லை. அதனால் வகுப்பில் ஒரு மூங்கில் தட்டி கட்டினோம். அவர் தட்டிக்குப் பின்னால், பையன்கள் இந்தப் பக்கம். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், பையன்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். அப்படி ஒரு தெளிவான குரலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. எனக்கு உருதுவில் ஒரு சொல் கூடத் தெரியாது. ஆனாலும் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பையன்கள் பிரமாதமாகத் தேறுகிறார்கள் என்று எனக்குள் ஒரே பெருமை.

அந்த வகுப்பில் கன்னியப்பன் என்று ஒரு பையன். அவன் அப்பா குழிவேலைக்காரர். தன் கையைப் போல மகன் கை ஆகக் கூடாது என்ற ஒரே ஆசையில் அவனைப் பள்ளிக்கு அனுப்பினார். வகுப்பில் உருது அவனுக்குத்தான் நன்றாக வந்தது. எங்கள் பள்ளிக்கு உதவி செய்துவந்த மண்டி முதலாளி ஒருவர் ஆண்டுதோறும் ஒரு பையனை எடுத்துக்கொள்வார். அந்த ஆண்டு கன்னியப்பனை நானே அழைத்துப் போனேன். தலையில் எண்ணெய் வழிய, துவைத்த சட்டையோடு வந்தான்.

முதலாளி திண்டில் சாய்ந்திருந்தார். சுற்றிலும் குமாஸ்தாக்கள். நல்ல மனிதர்தான். சிரித்துக்கொண்டே, எப்போதடா வந்தாய் என்று உருதுவில் கேட்டார். கன்னியப்பன் மார்பை நிமிர்த்தி, கணீரென்று, "மை அபீ ஆயீ" என்றான். இப்போதுதான் வந்தேன் என்று அர்த்தம்.

உடனே மண்டி முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காரணம் புரியவில்லை. ஒரு குமாஸ்தா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பையன் தலையில் முக்காடாகப் போட்டு, "வாங்க ஆயீ பீபி, உள்ள வாங்க" என்றான். கன்னியப்பன் துண்டை எடுக்கக் கூட இல்லை, அப்படியே நின்றான்.

முதலாளிதான் கையைக் காட்டிச் சிரிப்பை நிறுத்தினார். எனக்கு விளக்கமும் சொன்னார். தமிழில் ஆணும் பெண்ணும் 'வந்தேன்' என்றுதான் சொல்கிறோம். உருதுவில் அப்படியில்லை. தன்னைப் பற்றிப் பேசும்போதே ஆண் ஒரு விதமாகவும் பெண் ஒரு விதமாகவும் சொல்ல வேண்டும். பெண் வந்தால் ஆயீ. ஆண் வந்தால் ஆயா. பையன் ஒரு பெண்ணாக நின்று பதில் சொல்லியிருக்கிறான்.

"இன்னா வாத்யாரே, உங்க பள்ளிக்கூடத்துல ஒரு ஆம்பள இல்லியா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. கவலையாகத்தான் கேட்டார். "ரம்ஜான் முடிஞ்சி மண்டி தொறக்கும்போது ஒரு பையன் வேணும். அதுக்குள்ள ஒரு உஸ்தாத பாருங்க. அந்தம்மா வேணாம், பசங்க கெட்டுப்போய்டுவானுங்க."

மறுநாள் கன்னியப்பன் வரவில்லை. வந்த பையன்களும் உருது வகுப்பில் ஊமையாகிவிட்டார்கள். தட்டிக்குப் பின்னால் அந்தக் குரல் ஒரு வாக்கியத்தைச் சொல்லும். இந்தப் பக்கம் பதில் இருக்காது. மறுபடி சொல்லும். ஒருவன் இருமுவான். அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் நிற்பது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. இரண்டு பக்கத்துக்காகவும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா வாசலில் நின்றார். மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அவன் வாயே தொறக்க மாட்டேன்றான் அய்யா. தெருவுல எறங்குனா ஆயீ பீபின்னு கூப்புட்றானுங்க. நாளைக்கி நானே குழிக்கி இட்டுனு போறேன். அங்க எவனும் பேசச் சொல்ல மாட்டான்" என்றார் அப்பா. மகனைக் குழியில் இறக்கக் கூடாது என்று கிடந்த மனிதரே இப்படிச் சொல்கிறார் என்றால் வலி எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஆம்பள ஆயான்னுதான் சொல்லணும்னு உஸ்தானி அம்மா சொல்லலியாடா?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

சுவரைப் பார்த்தபடியே பேசினான். "ஆயான்னா கெழவிதான அய்யா. அத்தினி பேர் எதிர்ல நான் கெழவின்னு எப்டி சொல்றது? எல்லாரும் சிரிப்பானுங்கன்னுதான் ஆயீன்னேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாட்டியை ஆயா என்று கூப்பிடுகிற நம் பக்கத்துப் பையனைத் தவிர வேறு எவனுக்கும் இந்தத் தப்பு வராது. சிரிப்புக்குப் பயந்து நல்ல வார்த்தை என்று அவன் தேர்ந்தெடுத்ததே அவனைப் பெண்ணாக்கிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இந்த இடத்தைத்தான். முதலாளி சொன்னதில் பாதி உண்மை. ஆண் ஒருவர் வகுப்பில் நின்று 'ஆயா' என்று அலட்சியமாகச் சொல்லியிருந்தால், முதல் நாளே நாலு பேர் சிரித்திருப்பார்கள், அத்தோடு தீர்ந்திருக்கும். சேர்ந்து கத்தும்போது எவன் ஆயா என்றான், எவன் ஆயீ என்றான் என்று தட்டிக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. அவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது ஆயீ என்றுதான் சொல்ல முடியும். பையன்கள் காதில் விழுந்ததைத்தான் சொல்வார்கள். ஆனால் அவரை அனுப்பிவிட்டால் வகுப்பில் யார் இருப்பார்? ஒருவரும் இல்லை. இல்லாத ஆணுக்காக இருக்கிற பெண்ணை விரட்டிவிட்டு, பிறகு பையன்கள் கெட்டுப்போனார்கள் என்று புலம்பும் பள்ளிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நெருக்கடி வரும்போது முதலில் தோன்றுகிற யோசனை பெரும்பாலும் யாரையாவது வெளியே அனுப்புவதாகத்தான் இருக்கும். அதைச் செய்வதற்கு முன் மீதி இருப்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

விஷயத்தை உஸ்தானி அம்மாவிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சொன்னதையும் மறைக்கவில்லை. அழுவார் என்று நினைத்தேன்.

"எங்க வூட்ல பாட்டிய நானீ, தாதீன்னுதான் கூப்புடுவோம். ஆயா எனக்குத் தோணவே இல்ல" என்றார். "மொத வாரம் சொன்னப்போ ஏன் சிரிச்சாங்கன்னு இப்பதான் புரியுது. ஆம்பள உஸ்தாத் கெடைச்சா சொல்லுங்க, சந்தோஷமா போய்ட்றேன். கெடைப்பாரா?"

"கிடைக்க மாட்டார் அம்மா."

"அப்போ உஸ்தாத் வேணாம். ஒரு ஆம்பள இருந்தா போதும். நான் சொல்லிக்குடுக்குறேன். ஆம்பளயா இருந்து திருப்பிச் சொல்றதுக்குத்தான் ஆள் வேணும். நீங்க வந்து பசங்களோட உக்காருங்க."

"எனக்கு ஒரு எழுத்து கூடத் தெரியாதே?"

"தெரிஞ்சா எதுக்கு உக்காரணும்" என்றார்.

சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியர் பையன்களோடு தரையில் உட்கார்ந்து பாடம் கேட்பதா? தப்பாகச் சொன்னால் மானம் போகுமே, நாளைக்கு எந்தப் பையன் என் பேச்சைக் கேட்பான் என்று எனக்குப் பெரிய பேஜாராகிவிட்டது. பாலாற்று மணலில் கொஞ்ச தூரம் நடந்தேன். யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் தெரிந்தது. நான் எதற்குப் பயப்படுகிறேனோ, கன்னியப்பனும் அதற்குத்தான் பயப்படுகிறான். அவனுக்குப் பத்து வயது. எனக்கு அதற்குள் மீசையும் வந்திருந்தது.

மறுநாள் பலகையை எடுத்துக்கொண்டு பையன்கள் வரிசையில் உட்கார்ந்தேன். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், ஆனால் ஒருவனும் என்னைப் பார்க்கவில்லை. தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மை அபீ ஆயீ. ஹெட்மாஸ்டர், நீங்க சொல்லுங்க."

"மை அபீ ஆயா" என்றேன்.

சிரிப்பு வெடித்தது. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். நான் நிறுத்தவில்லை. "ஆமாண்டா, நான் ஆயாதான். இன்னொரு தரம் கேளுங்க" என்று மறுபடியும் சொன்னேன். சிரித்து ஓய்ந்த பிறகு ஒருவன் தானாகவே சொல்லிப் பார்த்தான். பிறகு அடுத்தவன். மற்ற வாக்கியங்களில் நான் தடுக்கி விழுந்தேன். உருதுவில் தொண்டையிலிருந்து வரும் ககரமும் சாதாரண ககரமும் என் நாக்குக்கு ஒன்றுதான். உஸ்தானி அம்மா என்னை விடவில்லை. "தப்பு. மறுபடி" என்பார், பையனிடம் சொல்வது போலவே. வளர்ந்த ஆண் ஒருவன் ஒரு பெண்ணிடம் தப்பாகச் சொல்லி, திருத்தப்பட்டு, மறுபடி சொல்கிறான், அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்தப் பையன்கள் அதை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் அப்பாக்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார்கள், களைத்துத் தூங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். எதையாவது கற்றுக்கொள்வதைப் பார்த்ததில்லை.

எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். அய்யா என்பதைக் கொஞ்சம் இழுத்தால் ஆயாதானே. "குட்மார்னிங் ஆயா" என்று பின்வரிசையிலிருந்து வரும். முதல் தடவை கேட்டபோது பிரம்பைத் தேடினேன். பிறகு விட்டுவிட்டேன். அந்தப் பெயர் என் மேல் இருக்கும் வரை இன்னொருவன் மேல் இருந்த பெயருக்கு வேலை இல்லை என்று தோன்றியது. இளைஞர்களே, பட்டப்பெயர் வந்தால் உடனே அடக்கப் பார்க்காதீர்கள். அது யாருக்குப் பதிலாக உங்களுக்கு வந்திருக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

கன்னியப்பன் அதற்குள் ஷாப்புக்குப் போக ஆரம்பித்திருந்தான். சுண்ணாம்பு நீர் சுமந்தான். அங்கே ஒருவன் "ஆயீ பீபி" என்று கூப்பிட, இன்னொருவன், "அட, அத வுட்றா. அவன் ஹெட்மாஸ்டரே ஆயாவாம்" என்றானாம். ஒரு நாள் காலை ஜன்னலுக்கு வெளியே அவன் தலை தெரிந்தது. நான் தப்பும் தவறுமாக ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. உஸ்தானி அம்மா அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். நான் திணறினேன். என் காதருகே, எனக்கு மட்டும் கேட்கும்படி, அவன் சரியாகச் சொல்லிக் கொடுத்தான்.

எனக்கு மட்டும்தான். உரக்க அவன் பேசவே இல்லை. ரம்ஜான் முடிகிற வரை அப்படித்தான். அவன் அப்பா வந்து, "கூட்டத்துல பேசுவானா அய்யா? மறுபடியும் சிரிச்சிட்டா புள்ள தாங்க மாட்டான்" என்றார். எனக்கும் தெரியவில்லை. வேறு பையன்கள் தயாராக இருந்தார்கள், அவர்களில் ஒருவனை அழைத்துப் போவதுதான் பத்திரம். ஆனால் இந்த முறை போகாவிட்டால் இவன் குழியிலேயே நின்றுவிடுவான் என்பது நிச்சயம். அவனையே அழைத்துப் போனேன். அப்பா மண்டிக்கு வெளியே, வண்டி நிற்கும் இடத்தில் காத்திருந்தார்.

அதே முதலாளி, அதே குமாஸ்தாக்கள். துண்டு போட்டவனும் இருந்தான், முன்கூட்டியே சிரிப்பைத் தயாராக வைத்திருந்தான். கன்னியப்பன் என் வேட்டியைப் பிடிக்காத குறை. முதலாளி அவனைப் பார்த்தார். பையன் கண்ணில் இருந்த பயத்தைக் கண்டாரோ என்னவோ, அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வாத்யாரே, நீங்களும் கத்துக்கறீங்களாமே?" என்று சொல்லி, எப்போது வந்தீர்கள் என்று என்னிடம் உருதுவில் கேட்டார்.

எத்தனையோ நாள் சொல்லிப் பழகிய வாக்கியம். ஆனால் அத்தனை பேர் முகமும் என் பக்கம் திரும்பியதும் எல்லாம் போய்விட்டது. காதில் அந்தத் தெளிவான குரல் மட்டும்தான் இருந்தது. அது சொன்னபடியே நானும் சொன்னேன்.

"மை அபீ ஆயீ."

மண்டி குலுங்கிச் சிரித்தது. துண்டுக்காரன் துண்டைக் கையில் எடுத்தேவிட்டான். வேண்டுமென்று அப்படிச் சொன்னேனா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அவ்வளவு புத்தி எனக்கு இருந்ததில்லை. பயத்தில் வாய் குழறியதுதான் உண்மை. தலை குனிந்து நின்றேன்.

அப்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. மண்டி முழுக்கக் கேட்கும்படி.

"ஆயீ இல்ல அய்யா. ஆயா. நீங்க ஆம்பள."

சிரிப்பு நின்றது. கன்னியப்பன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் அவன் நினைவிலேயே இல்லை. பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, "மை அபீ ஆயா" என்றான். தொடர்ந்து தன் பெயர், அப்பா பெயர், தனக்கு என்ன வேலை தெரியும் என்று வரிசையாக உருதுவில் சொல்லிக்கொண்டே போனான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். எத்தனையோ நாளாக அடைத்துவைத்திருந்த பேச்சு.

முதலாளி துண்டுக்காரனைப் பார்த்தார். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"பையன் நாளைலேர்ந்து மண்டிக்கி வரட்டும்" என்றார் முதலாளி. என்னைப் பார்த்து, "வேற உஸ்தாத் ஒண்ணும் தேட வேணாம், அந்தம்மாவே இருக்கட்டும். ஆனா நீங்க மட்டும் இன்னும் ஒரு வருஷம் அவங்ககிட்ட படிங்க வாத்யாரே" என்றார்.

வெளியே வந்து அவன் அப்பாவிடம் சொன்னேன். அவர் மகனின் இரண்டு கைகளையும் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.